கைப்பையும் கடற்பயணமும்



இரத்மலானையிலே, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு வீடு. இரவு ஒன்பது மணி. முன் விறாந்தையிலே பாய் விரித்து, அதன்மேல் வீட்டுச் சாமான்களிற் பாதி பரப்பப்பட்டிருக்கின்றது. துவாய்களும் மாற்றுடுப்புகளும் மருந்துப் போத்தல்களும் பற்றரிப் பெட்டிகளும் விசுக்கோத்துப் பைக்கற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. நடுவே தாய் அமர்ந்திருக்கின்றாள். அவள் முன்னே, முதுகில் மாட்டும் பை ஒன்று வாய் திறந்தபடி இருக்கின்றது. பக்கத்துக் கதிரையிலிருந்து அம்மம்மா ஒவ்வொன்றாய் எடுத்து நீட்டுகின்றார். “இதையும் வை பிள்ளை, கடலிலே குளிர் பிடிச்சால் என்ன செய்வாய்?” பை நிரம்புகின்றது, தாயின் முகத்திலே மட்டும் தெளிவு பிறக்கவில்லை.

இக்குடும்பத்துக்குப் பெயரிட வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தகைய வீடுகள் பல உள. அவற்றின் சாயல்களை ஒன்று சேர்த்த வீடு இது. மூத்தவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. பிறவியிலேயே செவிப்புலன் குன்றியவள். இரு காதுகளிலும் கேட்கும் கருவி அணிபவள். இளையவன் எட்டு வயதினன், ஓட்டிசம் உடையவன், இடைக்கிடை வலிப்பும் காண்பதுண்டு. அம்மம்மாவுக்கு வேளாங்கண்ணியிலே ஒரு நேர்த்திக்கடன். விமானத்திற் போய்விடலாம், ஆயினும் பிள்ளைகள் இருவரும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள். கடலுக்கு அப்பாலும் கரை உண்டு என்பதை அவர்கள் கண்ணாற் காணவேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆகவே காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல்.

இக்கடல்வழி புதியதன்று. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசெம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்த பின்னர் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த சேவையும் 1980களில் நின்று போயிற்று. நெடுங்கால இடைவெளிக்குப் பின், 2023 ஒக்ரோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களில் அது நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆம் நாள் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல் தூரம். கடலிலே நான்கு மணி நேரம் எனலாம். அதற்கு முன்னரே, 2023 யூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் தொட்டுக் காங்கேசன்துறைக்கும் வந்து சென்றது.

சிறு கப்பலாயினும் மாளிகை போன்ற உல்லாசக் கப்பலாயினும் ஒரு காரியம் பொது. துறைமுக வாசலிலே பெரிய பெட்டிகள் கையைவிட்டுப் போய்விடும். சிறு கப்பலில் அவை மறுகரையிலேதான் கிடைக்கும். உல்லாசக் கப்பலிலோ பணியாளர் அவற்றை அறை வாசலிற் கொண்டுவந்து வைக்கச் சில வேளை பொழுது சாய்ந்துவிடும். கரையிறங்கி ஊர் பார்க்கும் நாட்களிலும் கையோடு வருவது சிறு பையொன்றே. மற்றப் பயணிகளுக்கு இது பெரிய காரியமன்று. மாலை ஐந்து மணிக்கு வலிப்பு மருந்து குடிக்கவேண்டிய பிள்ளைக்கோ, அம்மருந்து பெட்டியோடு கப்பலின் அடித்தட்டிலே கிடப்பது பேராபத்து. ஆதலால், இத்தகைய வீட்டாருக்குக் கைப்பையே பயணம்; பெட்டிகள் வெறும் உடுப்புகள்.

அம்மம்மா பையை நிரப்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கொழும்புத் தமிழ் வீடுகளிற் கப்பல் என்ற சொல்லுக்குக் கசப்பான பொருளொன்று முன்னரே உண்டு. 1958ஆம் ஆண்டும் 1983ஆம் ஆண்டும் வன்செயலால் வீடிழந்தோர் கொழும்புத் துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேறினர். 1983இல் இதே இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாமாயிருந்தது. அந்நாளிலே கையில் அகப்பட்டதே பை. எதை எடுப்பது, எதை விடுவது என்று சிந்திக்கப் பொழுதிருக்கவில்லை. ஒருமுறை வெறுங்கையோடு கப்பலேறியவர், மறுமுறை எல்லாவற்றையும் எடுத்து வைக்கத்தான் முனைவார். அதை எள்ளி நகைப்பது தகாது. ஆயினும், அச்சம் அடுக்கிய பையிலே வேண்டிய பொருள் வேண்டிய நொடியிற் கைக்கு அகப்படுவதில்லை. ஐந்து துவாய்களுக்கு அடியிற் கிடக்கும் மருந்து, இல்லாத மருந்துக்கு ஒப்பானது.

பின், எப்படி அடுக்குவது? விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. இரத்மலானை என்றவுடன் பலருக்கும் விமானத் தளமும் றெயில் வேலைத்தலமுமே நினைவுக்கு வரும். 1935இல் முதல் விமானம் இறங்கிய அத்தளத்தினும் பழைமை வாய்ந்ததோர் அறச்சாலை அவ்வூரின் பெயரோடு இணைந்து நிற்கின்றது. செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் என 1912இல் மேரி சப்மன் என்னும் ஆங்கில மாது தொடக்கிய பாடசாலையே அது. இந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. தமிழ்ப் பிள்ளைகளுக்கெனக் கைதடியிலே நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. பார்வையற்ற பிள்ளைக்கு எங்கும் முதலிற் பழக்கப்படுவது பொருளுக்கு ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு பொருள் என்பதே. சீப்பு இங்கே, செருப்பு அங்கே என்று ஒருநாளும் மாறாது இருக்குமாயின் கண்ணின் வேலையைக் கை செய்துவிடும். கண்ணுள்ளவரும் கப்பலாட்டத்தில் ஒரு கையாற் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறுகையாற் பையைத் துழாவும்போது ஏறத்தாழப் பார்வையற்றவரே. எனவே பையின் அறைகளைக் கை அறியவேண்டும்.

இப்பொழுது பாயில் இருப்பவற்றை ஒருமுறை பார்க்கலாம்.

மேலறை மருந்துக்குரியது, வேறெதுவும் அதனுட் புகலாகாது. வலிப்பு மருந்து, கடைக்காரர் ஒட்டிய சீட்டோடு, அதன் சொந்தப் போத்தலிலேயே இருக்கவேண்டும். பாணி மருந்தாயின், போத்தலை இறுக்கி மூடி, வாய் ஒட்டும் பிளாஸ்ரிக் உறையொன்றில் இட்டு நிமிர்த்தி வைத்தல் நலம். அளக்கும் ஊசிக்குழாய் அதனோடு சேர்ந்தே இருக்கட்டும். மருந்தைக் கொண்டுபோய்க் குழாயை மறந்தவர் பலர். கப்பல் நாள் தள்ளிப் போகலாம். காலநிலை கெட்டால் அன்று ஓடாமலும் விடலாம். ஆகவே சில நாட்களுக்கு மேலதிகமான மருந்து வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைத் தந்தையின் தோட்பையில் வைத்தால், ஒரு பை தொலைந்தாலும் பிள்ளை தப்பும். மருந்தின் மூலப் பெயரை எழுதிய வைத்தியரின் கடிதமும் அதே அறைக்குரியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றே. ஆகவே மருந்து வேளையை மாற்றிக் கணக்கிடும் தொல்லை இல்லை.

கடற்குமட்டல் மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை இப்பிள்ளைக்கும் கொடுத்துவிடலாகாது. அவற்றுட் சில உறக்கமூட்டுவன. சில வலிப்புள்ளோருக்கு ஒவ்வாதன. எது தகும், எவ்வளவு தகும், மருந்து குடித்த சற்று நேரத்தில் வாந்தியெடுத்தால் மீண்டும் கொடுப்பதா விடுவதா என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். நடுக்கடலிற் கேட்க ஆளிராது.

அம்மம்மா பைக்குள் ஓர் இரும்புச் சாவிக்கொத்தையும் மெல்லச் செருகியிருக்கின்றார். வலிப்பு வந்தால் கையிலே இரும்பு கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. அதனாற் பயனில்லை. வலிப்பின்போது பிள்ளையின் வாயில் எதையும் திணிக்கலாகாது, தண்ணீரும் பருக்கலாகாது. சுற்றியிருக்கும் கடினமான பொருட்களை அகற்றி, தலைக்கு மெதுவான துணியொன்றை இட்டு, ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்திக் கடிகாரத்தைப் பார்த்திருத்தலே செய்யத்தக்கது. ஐந்து நிமிடத்தைக் கடந்தால் அது அவசர நிலை. அதற்கென வைத்தியர் தந்த மருந்து உண்டாயின் அதுவும் மேலறையிலேயே. இவ்விவரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதி வைத்தல் பெரும் உதவியாகும். ஏனெனில் பக்கத்து இருக்கையிலிருந்தும் ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடிவரக்கூடும். அவரோடு வாதாட அவ்வேளை நேரமிராது, அட்டையை நீட்டிவிடலாம்.

வலிப்புக்கு உறக்கக்கேடும் ஒரு தூண்டுகோல். இதனாலேயே பெற்றோர் வெள்ளவத்தையிலிருந்து இரவுப் பேருந்தில் விடியவிடியச் சென்று நேரே துறைமுகத்தில் இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டனர். ஒருநாள் முந்திப் போய், யாழ்ப்பாணத்திலே உறவினர் வீட்டில் தங்கி, பிள்ளை வயிறார உண்டு கண்ணார உறங்கிய பின்னரே கப்பல். ஒருநாட் செலவு கூடியது. ஆயினும் இது பைக்குள் வைக்க முடியாத மருந்து.

இரண்டாம் அறை மூத்தவளுடையது. அவளுடைய கேட்கும் கருவிகளுக்கு உப்பும் ஈரமும் பகை. மூடி இறுகிய சிறு டப்பா, ஈரமுறிஞ்சும் மணிப்பொட்டலம், உலர்ந்த மெல்லிய துணி, மாற்றுப் பற்றரிகள் ஆகியன அவளுக்குப் போதும். அப்பற்றரிகளில் ஒட்டியிருக்கும் சிறு வர்ணத்தாளை உரித்த கணமே காற்றுப் புகுந்து அவை வேலை செய்யத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினாலும் ஆயுள் மீளாது. எனவே முன்னரே உரித்து வைத்தல் பிழை. அவை பொத்தானளவு சிறியவை. விழுங்கினால் உயிருக்கு ஊறு செய்வன. கையில் அகப்பட்டதை வாயிலிடும் தம்பி பக்கத்தில் இருக்கும்போது, பழைய பற்றரியைக் கழற்றி இருக்கை மேல் வைப்பது தகாது. அதற்கும் ஒரு சிமிழ் வேண்டும்.

கப்பலின் மேற்றட்டிலே காற்று வீசும்போது கேட்கும் கருவி பேச்சைத் தராது, பெருமுழக்கத்தையே தரும். அவள் அதைக் கழற்றி டப்பாவில் இடத்தான் விரும்புவாள். அப்போது அவள் உலகம் மௌனமாகிவிடும். தாயும் மகளும் வீட்டிலேயே சில கைச்சாடைகளை உறுதி செய்துகொள்வது இதற்காகவே: ‘வா’, ‘நில்’, ‘ஆபத்து’, ‘எங்கே தம்பி?’ என்னும் நான்கும் போதுமானவை. கப்பலிலே அபாய அறிவிப்பு ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலுமாக ஒலிக்கும். அது அவளுக்குக் கேளாது. தம்பிக்கோ தாங்கவொண்ணாத அளவுக்குக் கேட்கும். ஒரே ஓசை, ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு இரு வேறு வழியில் இடர் செய்கின்றது. அவளுக்கு அவ்வேளை தோளிலே மும்முறை தட்டுதல் அறிகுறி. அவனுக்குக் காதை மூடும் ஓசைத்தடுப்பான் பையின் வெளிப்புறத்திலேயே தொங்கவேண்டும், உள்ளே அல்ல.

உயிர்காப்பு அங்கியைப் பைக்குள் வைக்கவேண்டியதில்லை. மேரி சப்மன் பாடசாலை தொடக்கிய அதே 1912இலேதான் டைட்டானிக் மூழ்கியது. அதன் பயனாகப் பிறந்த சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின் இன்றைய விதிப்படி, பயணிகள் கப்பலில் ஏறும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அளவான அங்கி இருத்தல் வேண்டும். கப்பலேறியவுடன் பணியாளரிடம் கேட்டு, அது எங்கே உள்ளது என்று பார்த்துக்கொண்டாற் போதும். ஆனால் இறுக்கிக் கட்டும் அவ்வங்கியை இளையவன் முதன்முறையாக அபாய வேளையில் அணிய நேர்ந்தால், அவன் உடன்படமாட்டான். ஓட்டிசம் உடைய பிள்ளைகளிற் பலருக்குப் புதுத் துணியின் உராய்வே பெருந்துன்பம். ஆதலால் அத்தகைய அங்கியொன்றை இரவல் வாங்கி, வீட்டிலே விளையாட்டாக நாள்தோறும் ஐந்து நிமிடம் அணிவித்துப் பழக்கினார் தந்தை.

மூன்றாம் அறையே இளையவனது. தாய் அதிக நேரம் செலவிட்டதும் இதிலேதான். அவனுக்குக் கடல் அச்சமூட்டாது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமை அச்சமூட்டும். அதனால் தாய் சிறு படங்களை அட்டையில் ஒட்டியிருக்கின்றாள்: பேருந்து, உறவினர் வீடு, துறைமுக வாசல், கடவுச்சீட்டுப் பார்க்கும் அதிகாரி, வரிசையாகக் காத்திருக்கும் மனிதர், கப்பல், கடல், மறுகரை. ஒவ்வொன்று முடியும்போதும் அவன் அட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவான். காத்திருக்கும் மனிதரின் படத்தை மூன்று பிரதியாக அவள் ஒட்டியிருப்பது அனுபவத்தின் அடையாளம்; கப்பற் பயணத்தில் மிகுதியானது காத்திருப்பே அன்றோ!

அவன் எப்போதும் பிடித்திருக்கும் பழைய சேலைத் துண்டொன்று உண்டு. அதைத் தாய் இரண்டாகக் கத்தரித்து ஓரம் தைத்துவிட்டாள். கடற்காற்று ஒன்றைக் கொண்டுபோனால் மற்றது இருக்கும். உணவென்றால் அவனுக்கு உப்புப் பிடித்த கிறீம் கிறக்கர் விசுக்கோத்து மட்டுமே. அதுவும் ஒரே வகை. பள்ளியிலும் கலியாண வீட்டிலும் பிடிவாதம் எனப் பெயர் பெற்ற இக்குணம் கடலிலே அவனுக்குத் துணை செய்கின்றது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது என்ற நிலையில், காய்ந்த விசுக்கோத்தும் சிறுசிறு மிடறாய்த் தண்ணீரும் அலையாட்டத்துக்கு ஏற்றவை. மற்றவர்கள் வேண்டுமானால் இஞ்சித் துண்டைக் கடித்துக்கொள்ளட்டும். இருக்கை தெரிந்தெடுக்க இடமிருந்தால் கப்பலின் நடுப்பகுதியும் கீழ்த்தட்டுமே நன்று. அங்கே ஆட்டம் குறைவு.

வெளியிற் பேசக் கூசும் பொருளும் ஒன்று உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அணையாடை வேண்டியிருப்பது குற்றமன்று. வலிப்பு வந்தால் உடை நனைவதும் இயல்பே. மூன்று அணையாடைகள், இரு காற்சட்டைகள், ஈரத்துணி, துர்நாற்றம் அடைக்கும் தடித்த பொலித்தீன் பைகள், விரிக்க ஒரு நீர்புகாத் துண்டு ஆகியவற்றை வெளித்தெரியாத கறுப்புறையொன்றில் ஒன்றாக இட்டால், அவ்வுறையை மட்டும் எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகலாம். சனம் பார்த்திருக்க ஒவ்வொன்றாய் வெளியே எடுக்கும்போது வெட்கப்படுவது தாய் மட்டுமல்ல. அவன் பேசுவதில்லை என்பதற்காக அவனுக்கு மானம் இல்லை என்று கொள்ளலாகாது.

கைபேசியில், புறப்படும் அன்று காலை, அன்றைய உடுப்போடு பிள்ளைகளின் படம் எடுத்து வைத்தல் நன்று. சட்டையின் உட்புறத்தே தொலைபேசி இலக்கம் எழுதிய துணித்துண்டு தைக்கப்பட்டிருக்கின்றது. பெயரை வெளியே தொங்கவிடலாகாது. பெயர் சொல்லி அழைப்பவரை எல்லாம் தெரிந்தவர் எனப் பிள்ளை நம்பிவிடும்.

புறப்படுவதற்கு இரு கிழமைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இக்குடும்பம் ஓர் ஒத்திகை பார்த்தது. பையை முழுவதும் அடுக்கி எடுத்துக்கொண்டு இரத்மலானை நிலையத்திலே கரையோர றெயிலேறினர். அங்குலானை, லுனாவை, மொறட்டுவை கடந்து பாணந்துறை வரை ஒரு பக்கம் கடல்தான். சத்தம், சனம், காற்று, ஆட்டம், காத்திருப்பு என்று கப்பலில் உள்ளவை பெரும்பாலும் றெயிலிலும் உண்டு. பிழைத்தால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடலாம் என்பதே வேறுபாடு. அந்த அரைநாட் பயணத்தில் மூன்று குறைகள் வெளிப்பட்டன. தண்ணீர்ப் போத்தல் அடியில் இருந்தது. படஅட்டைகள் காற்றிற் பறந்தன. அவற்றுக்கு ஒரு வளையம் தேவைப்பட்டது. முக்கியமான குறை மூன்றாவது: பை தாயின் முதுகை வளைத்தது. பாரம் சுமப்பவளாற் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. வீடு திரும்பியதும் ஒருமுறையும் தொடாத பொருட்களைத் தனியே வைத்துப் பார்த்தார்கள். பையிற் பாதி அவைதான்.

அதனாலேதான் இன்றிரவு பாய் நிறையச் சாமான் கிடக்கின்றது. தாய் ஒவ்வொன்றையும் எடுத்து, ‘இது இல்லாவிட்டால் ஆறு மணித்தியாலத்தில் என்ன நேரும்?’ என்று கேட்கின்றாள். ஒன்றும் நேராது என்பதெல்லாம் பெரிய பெட்டிக்குப் போகின்றது. துவாய் ஐந்தில் நான்கு போயின. சாவிக்கொத்து சுவரிலுள்ள ஆணிக்கே திரும்பிற்று. அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பின் தந்தை விளக்கை அணைக்கின்றார். இருளிலே மூத்தவளின் கையைப் பிடித்து, உள்ளங்கையிலே ஊசிக்குழாயின் வடிவைக் கோடிட்டுக் காட்டுகின்றாள் தாய். சிறுமி பையை மடிமேல் இழுத்து, மேலறையைத் திறந்து, எண்ணிப் பத்து நொடிக்குள் குழாயை எடுத்து நீட்டுகின்றாள். அடுத்து டப்பா. அடுத்துத் தம்பியின் சேலைத் துண்டு. அது பையில் இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தால், அதைக் கன்னத்தில் வைத்தபடி இளையவன் பாயின் ஓரத்திலே உறங்கிவிட்டான்.

கம்பளிச் சால்வை மட்டும் இன்னும் அம்மம்மாவின் மடியில் இருக்கின்றது. அதற்குப் பையில் இடமில்லை என்று மகள் தயங்கித் தயங்கிச் சொல்கின்றாள். “பையில் ஏன் மோனை? நான் போர்த்திக்கொண்டு வாறன்” என்று அம்மம்மா அதைத் தம் தோளிலே போட்டுக்கொள்கின்றார்.